ரிச் கேக்கும் ஒரு சின்னக் கத்தியும்

இலங்கையின் ரிச் கேக்கைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் பிராந்தியில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை மாதம் ஊறியது, எந்தப் போத்தல், எவ்வளவு ஊற்றியது என்று கேள்விகள் போகும். அடுத்தது மஞ்சட்கருக் கணக்கு. பழத்தை எப்படி வெட்டினீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். பதிலைக் கேட்டதும், கேக்கை வாயில் வைக்காமலே பாதி சொல்லிவிடுவேன்.

கணக்கைப் பாருங்கள். ரவை 250 கிராம், பட்டர் 375, சீனி 500, மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6. இதற்குள் போகிற சுல்தானா, பிளம்ஸ், செரி, பீல், இஞ்சி, சௌசௌ, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி, கஜு எல்லாம் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டும். அத்தனையையும் பிடித்து நிறுத்துகிற வேலைதான் ரவைக்கு. பேக்கிங் பவுடர் கிடையாது, பொங்கி எழவேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே பல்லில் படுவதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டிய துண்டுகள்தான்.

துண்டு பெரிதானால், விரலகலத்துக்கு வெட்டி ஒயில் பேப்பரில் சுற்றும்போது மூலைகள் உதிர்ந்துவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற குறை. கண்ணுக்குத் தெரியாத பெரிய குறை மெசினில் அரைப்பதால் வருகிறது. பிளேடு பழத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய பழத்தின் பாகு முழுவதும் வெளியே வர, ரவை அளவுக்கு மீறிக் குடித்துக் களியாகிவிடுகிறது. இஞ்சி எங்கே, பீல் எங்கே என்று நாக்கு தேடினாலும் கிடைக்காது. எல்லாம் ஒரே இனிப்பு.

என் பெரியம்மாவிடம் காய்கறிக்குக்கூடத் தொடவிடாத ஒரு சின்னக் கத்தி இருந்தது. கார்த்திகை பிறந்தால் அது வெளியே வரும். பக்கத்தில் ஒரு கோப்பையில் சுடுதண்ணீர். கத்தியில் பாகு ஒட்டியதும் அதில் முக்கித் துடைத்துக்கொள்வார். எல்லாப் பழத்தையும் ஒரே அளவில் வெட்டுவது அவருக்குச் சோம்பேறித்தனம். சுல்தானா இரண்டாக. பிளம்ஸ் விதை நீக்கி மூன்றாக. செரியின் பாகைக் கழுவி, துணியில் ஒற்றி, நான்காக. இஞ்சிக்கு உறைப்பு இருப்பதால் அதுதான் எல்லாவற்றிலும் சிறிது, ஏறக்குறைய உளுந்தளவு. கஜுவை மட்டும் கொஞ்சம் ஏறுமாறாக விடலாம். பக்கத்தில் இருந்து உதவுகிறவர்கள் அவசரப்பட்டால் தலை நிமிராமலே சொல்வார்: "கொத்தாதை பிள்ளை, வெட்டு. பல்லுக்குத் தெரியோணும், கண்ணுக்குத் தெரியப்படாது."

பூசணித் தோசிக்கு மட்டும் அவரிடம் தனிச் சட்டம். அது கடலையளவு இருக்கவேண்டும், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. இத்தனை காலம் கேக் தின்ற பிறகும் அந்தச் சட்டத்தைத்தான் நான் வியக்கிறேன். தோசிக்கென்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு சுவை இல்லை. சீனி பூத்த மேல்தோல், கண்ணாடியாய்த் தெளிந்த உட்புறம், அவ்வளவுதான். ஆனால் மென்மையும் பிசுபிசுப்புமான ஒரு கேக்குக்குள் மொறுக்கென்று உடைகிற ஒரே பொருள் அது. கஜுவும் கடிபடும்தான்; ஆனால் கஜு பழத்தின் ஈரத்தில் நாளாக ஆக இளகிப்போகும். தோசி அவ்வளவு சுலபமாக இளகாது. அதைப் பொடியாக வெட்டினால் சீனியாகக் கரைந்து தொலைந்துபோகும். பெரிதாக விட்டால் ஒரு வாய் கேக்கில் ஓரிடத்திலாவது அது எதிர்ப்படும். அந்த எதிர்ப்பாடு இல்லாத ரிச் கேக் எனக்கு முழுமையாவதில்லை. தோசி கிடைக்காவிட்டால் சௌசௌவைக் கூட்டிப் போடுங்கள் என்கிறவர்களோடு இதனால்தான் எனக்கு ஒத்துப்போவதில்லை. சௌசௌ நல்ல பொருள், ஆனால் அது பாகில் ஊறிய மென்மை. மென்மைக்கு அந்தக் கேக்கில் பஞ்சமில்லை.

கறுத்த கேக்தான் நல்ல கேக் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சீனியைக் கருக்கி ஊற்றுகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. கேரளத்துப் பிளம் கேக்கில் அந்தக் கருக்கலுக்கு நியாயம் உண்டு. அது மாவுக் கேக். அந்த மெல்லிய கசப்பு தேநீரோடு அழகாகப் போகும். நம்முடைய ரவைக் கேக்கின் நிறம் பழத்திலிருந்தும் தேனிலிருந்தும் மெதுவான சூட்டிலிருந்தும் வரவேண்டும். கருக்கிய சீனி முதலில் கொல்வது ரோஸ் வாட்டரையும் ஏலத்தையும். ரோஸ் போனால் நம் இன்னொரு ரவைக் கேக்கான லவ் கேக்குக்கும் இதற்கும் இருக்கிற உறவே அறுந்துவிடும். லவ் கேக்கே மேல் என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களும் தோசியை விட்டுக்கொடுக்காதவர்கள், அதனால் சண்டை பெரிதாகாது.

கறுவாவைப் பற்றி ஒரு வார்த்தை. உலகமே தேடி வந்த பட்டை நம் தீவில் விளைகிறது. கையால் நொறுக்கினால் தாள்போல் உடைகிற மெல்லிய சுருள் அது. அதை விட்டுவிட்டுப் பொடிப் பைக்கற்றை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தடித்த காசியாப் பட்டையின் காரம் பழத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கராம்பு குறைவாக, சாதிக்காய் அப்போதைக்கப்போது துருவி.

சூடு 150 பாகைக்கு மேல் போகக்கூடாது, நேரம் இரண்டரை மணி, மூன்று மணி. இந்த விஷயத்தில் பழைய போறணைக்கு நிகர் இல்லை. பாண் சுட்டு இறக்கிய பிறகு, செங்கல்லில் மிஞ்சிய வெப்பம் மெல்லத் தணிகிற நேரத்தில், வீடுகளில் கலந்த கேக் தட்டுகள் வரிசையாக உள்ளே போகும். இறங்கிக்கொண்டே போகிற அந்தச் சூடு ரிச் கேக்குக்கென்றே அளந்ததுபோல இருக்கும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையில் சாமான்களும் இல்லை. சீனி கிடைத்த ஆண்டில் பெரியம்மா பப்பாசிக்காயைப் பாகில் காய்ச்சிச் செரிக்குப் பதிலாக்கினார். மணல் பரப்பிய சட்டியில், மூடிமேல் தணல் போட்டுச் சுட்டார். பொருள் மாறியது, அடுப்பு மாறியது, ஆனால் வெட்டு மாறவில்லை. அந்தக் கேக் இன்றைக்கும் என் கணக்கில் உயர்ந்த வரிசையில் இருக்கிறது.

1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் எத்தனையோ வீடுகளில் எண்ணெய்க்கறையோடு கிடக்கிறது. புலம்பெயர்ந்த சமையலறைகளில் சார்மெயின் சொலமனின் 1976ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். அளவுகளில் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. தொலைந்தது உட்கார்ந்து வெட்டுகிற மாலைப் பொழுதுகள். இப்போது கடையில் எல்லாப் பழமும் வெட்டியே ஒரு பைக்கற்றில் வருகிறது. அதில் பச்சை, சிவப்புச் சாயம் ஏறிய சதுரங்களே பாதி, எல்லாம் ஒரே அளவு. கலியாண வீடுகளில் ரெஜிபோமில் செய்து ஐசிங் பூசிய மாளிகை மேடையில் நிற்க, கையில் வருகிற பளபளப்பான பெட்டிக்குள் மாஜரின் மணக்கும் மாவுத்துண்டு இருக்கிறது. பெட்டிக்குச் செலவழித்ததில் கால்வாசி பட்டருக்குப் போயிருக்கலாம்.

வேலைக்குப் போகிறோம், நேரமில்லை என்பது உண்மை. சுல்தானாவை முழுதாகவே போடுங்கள், செரியையும் பீலையும் பைக்கற்றில் வாங்குங்கள், நான் வாதாடமாட்டேன். பூசணித் தோசியை மட்டும் முழுக்கட்டியாகக் கேட்டு வாங்கி, சுட்டெடுக்கும் நாளில், மற்ற எல்லாம் கலந்த பிறகு, கையால் வெட்டிக் கடைசியாகப் போடுங்கள். கடலையளவு, அதற்குக் குறையாமல்.