வோல்ட்டேஜ் அறியும் கலை

கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் 1950-களில் பெண்டர் கம்பெனியார் செய்த டீலக்ஸ் என்னும் வால்வு ஆம்ப்ளிபையர், கிதாரின் நாதத்தைச் சிதைத்துக் கரகரக்கும்போது, அதன் வியாதியை மீட்டர் ஒன்றின் துணைகொண்டே நிதானிக்கும் நிபுணனுடைய கலை பெரிதும் போற்றத்தக்கது.

விசையை அணைத்த பின்னரும் வடிகட்டும் கன்டென்ஸர்களில் உயிரைப் பறிக்க வல்ல மின்சாரம் தங்கியிருக்கக் கூடுமாதலால், அதை ஒரு ரெஸிஸ்டர் வழியே வடியவிட்டு, பூஜ்யத்தை மீட்டரில் கண்ட பிறகே அவன் உள்ளே கை வைக்கிறான். பின்பு விசையை மீண்டும் போட்டு, சுவரிலிருந்து வரும் மின்சாரம், வால்வு இழைகளுக்குரிய 6.3 வோல்ட், ரெக்டிபையர் அளிக்கும் 300-க்கு மேற்பட்ட வோல்ட் என்று சக்தி செல்லும் மார்க்கத்திலேயே தானும் கிரமமாகச் செல்கிறான்.

6வி6 என்னும் வெளியீட்டு வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுத்தாலும் வால்வின்மீது அவசரமாகக் குற்றம் சுமத்துவதில்லை. அதைக் கழற்றிய பின்னும், அது பொருந்தும் குழியில் பூஜ்யமாக இருக்க வேண்டிய கிரிட் முனையில் சில வோல்ட் தோன்றுமாயின், ஓசையை மட்டும் கடத்தி நேர்மின்சாரத்தைத் தடுக்கக் கடமைப்பட்ட சிறு கன்டென்ஸரே கசிகிறது என்று தெளிகிறான். அந்த அற்பமான உறுப்பொன்றை மாற்றி, ஏனைய பாகங்களைத் தீண்டாது விட்டு, கருவியின் பூர்வீகக் குரலை அதற்கே மீட்டுத் தரும் விவேகத்தைத்தான் நான் உத்தமமான தொழில்திறம் என்பேன்.