மரியாவின் திருமணத்திற்கு வந்தவர்கள்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்செழும்போது திருச்சபை வட்டாரங்களில் முதலில் ஒலிப்பது கண்டனக் குரலே. குடும்பச் செபம் குலைகிறது, நேரம் பாழாகிறது, பேராசை வளர்கிறது என்கிறோம். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கண்டனம் திறனாய்வு ஆகாது. ஒரு கதை மக்களை ஏன் ஈர்த்தது, ஈர்த்து எங்கே கொண்டு சேர்த்தது என வினவுவதே திறனாய்வு. கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் இலத்தீன் அமெரிக்க நாடுகளில் வளர்ந்து உலகெங்கும் பரவிய 'தெலெநொவேலா' என்னும் தொலைக்காட்சிப் புதினம் இவ்வினவுக்கு நல்லதோர் உரைகல்.

இவ்வகைத் தொடர்களின் வேர் வானொலியில் இருக்கிறது. 1948-இல் கியூபா நாட்டு வானொலியில் ஒலிபரப்பான 'பிறக்கும் உரிமை' அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. கருவைக் கலைத்துவிட வேண்டி வந்த ஒரு பெண்ணிடம் மருத்துவர் ஒருவர் கதை சொல்கிறார். குடும்ப மானத்தின் பெயரால் கொல்லப்படவிருந்து, கறுப்பினத் தாதி ஒருத்தியால் காப்பாற்றப்பட்ட குழந்தையின் கதை அது. அக்குழந்தை வேறு யாருமல்லர், அம்மருத்துவரே. கண்ணீரும் தற்செயல் நிகழ்ச்சிகளும் மலிந்த படைப்புதான். ஆனால் அதன் நடுவே உயிரைப் பற்றிய ஓர் அறக்கேள்வி நின்றது.

அவ்வழியில் வந்த தொடர்களுள் பெரும் தாக்கம் விளைவித்தது 'சிம்ப்ளமென்ட்டே மரியா', அதாவது 'வெறும் மரியா'. அர்ஜென்டினாவில் தோன்றிய இக்கதை 1969 முதல் 1971 வரை பெரு நாட்டில் புதிதாகப் படமாக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்து வீட்டு வேலை செய்யும் ஏழைப்பெண் மரியா. செல்வர் வீட்டு மாணவன் ஒருவன் அவளை ஏமாற்றிக் கைவிடுகிறான். அவள் மகனைத் தனியே வளர்க்கிறாள், இரவு வகுப்பில் எழுத்துக் கற்கிறாள், தையல் பழகுகிறாள், இறுதியில் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஆகிறாள். அவளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் எஸ்தெபானே நெடுங்காலக் காத்திருப்புக்குப் பின் அவளை மணக்கிறார்.

அத்தொடரைக் கண்ட வீட்டுப் பணிப்பெண்கள் எழுத்தறிவு வகுப்புகளை நாடினர். சிங்கர் தையல் இயந்திரங்களின் விற்பனை உயர்ந்தது. மரியாவின் திருமணக் காட்சி லீமா நகரக் கோயில் ஒன்றில் படமாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 10,000 பேர் நல்லாடை உடுத்தி, பரிசுப் பொருள்களோடு அங்குத் திரண்டதாகப் பதிவுகள் கூறுகின்றன.

மணமக்கள் நடிகர்கள், நடந்தது படப்பிடிப்பு. அப்படியானால் பரிசோடு வந்தவர்கள் பேதைகளா? நாம் அவ்வாறு கருதவில்லை. பணிப்பெண் ஒருத்தி பீடத்தின் முன் மதிப்போடு நிற்பதைக் காண அவர்கள் வந்தார்கள். தங்கள் வாழ்வில் கிட்டாத மாண்பு கதையில் கிட்டியபோது அதைக் கொண்டாட வந்தார்கள். அம்மாண்பை அவர்கள் நம் கோயில்களில் முன்னமே கண்டிருந்தால், நடிகையின் திருமணத்திற்கு இத்துணை ஏக்கத்தோடு வந்திருப்பார்களா? இக்கேள்வி தொடரை எழுதியவர்களுக்கு உரியதன்று, நமக்கு உரியது.

எனினும் இத்தொடரின் குறையையும் சொல்ல வேண்டும். மரியா மாடியேறினாள், அடுக்களையோ அப்படியே இருந்தது. ஏழ்மைக்குக் கதை காட்டிய மருந்து தனியொருத்தியின் உழைப்பும் திறமையுமே. பணிப்பெண்களின் கூலி, ஓய்வு, வேலைக்கு வைத்தவர்களின் நீதி ஆகியவை கதையின் மையத்திற்கு வரவில்லை. இதே லீமா நகரில் 1971-இல்தான் அருள்பணியாளர் குஸ்தாவோ குத்தியெரெஸ் விடுதலை இறையியல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஏழைகள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று அந்நூல் கேட்டது. ஒரே நகரில், ஒரே காலத்தில், ஒரே மக்களைப் பற்றி இரு குரல்கள் எழுந்தன. ஆழமான குரல் அறிஞரின் மேசையைச் சேர்ந்தது. எளிய குரல் அடுக்களையைச் சேர்ந்தது. இறையியல் பயின்ற நாம் இதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மரியாவின் வெற்றியை ஊன்றிக் கவனித்தவர் மெக்சிகோ நாட்டு நாடக இயக்குநர் மிகேல் சபீதோ. தற்செயலாக விளைந்ததைத் திட்டமிட்டு விளைவிக்கலாம் என அவர் கண்டார். நன்மைக்கு ஒரு பாத்திரம், தீமைக்கு ஒரு பாத்திரம், இரண்டுக்கும் இடையே தடுமாறி மெல்ல மாறும் ஒரு பாத்திரம் என வகுத்து, 1975-இல் 'என்னோடு வா' என்ற தொடரை உருவாக்கினார். முதியோர் எழுத்தறிவே அதன் நோக்கம். பாடநூல் கிடைக்கும் இடம் தொடரில் காட்டப்பட்ட மறுநாள், மெக்சிகோ நகரில் அந்நூலுக்காக ஏறத்தாழ 12,000 பேர் திரண்டனர் என்பர். ஆண்டுக்கணக்கில் அரசு ஆணையால் ஆகாததைக் கதை ஒரே நாளில் செய்தது.

இதைப் போற்றும் நமக்கு அடுத்த தொடர் சோதனையாகிறது. 1977-இல் அதே முறையில் வந்த 'எனக்குத் துணையாயிரு' குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பியது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் மனித உயிர் பற்றிய சுற்றுமடலில் செயற்கைக் கருத்தடையை ஏற்கலாகாது எனக் கற்பித்திருந்தார். பிறக்கும் உரிமையைப் பேசிய அதே கலைவடிவம், முப்பது ஆண்டுகளில் திருச்சபை ஏற்காத வழிக்குத் துணை நின்றது. எழுத்தறிவைப் புகட்டியபோது கைதட்டிவிட்டு, நமக்கு ஒவ்வாததைப் புகட்டியபோது மட்டும் முறையைப் பழிப்பது நேர்மையாகாது. நாம் கேட்க வேண்டியது வேறு: இக்கதை காண்பவரின் மனச்சான்றை எழுப்புகிறதா, அல்லது அதற்குத் தெரியாமலேயே முடிவெடுத்துக் கொடுத்துவிடுகிறதா?

மக்கள் களிமண் அல்லர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மெக்சிகோவின் முறையைப் பின்பற்றி, 1984-இல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடரைத் தொடங்கியது. அதில் வரும் தாய் பகவந்தி, பெண் இப்படி அடங்கி நைந்து போகக் கூடாது என்பதற்கான எச்சரிக்கையாகப் படைக்கப்பட்டவள். ஆனால் காண்போரில் பலர் அவளையே பொறுமையின் முன்மாதிரியாகக் கொண்டனர். எழுதியவர் விதைத்தது ஒன்று. காண்பவர் அறுத்தது வேறு. எனவே கதை மட்டும் போதாது. கதையைப் பற்றிய உரையாடலும் வேண்டும்.

இங்கே நம் ஆண்டவரின் உவமைகள் நினைவுக்கு வருகின்றன. அவரும் வீடு, சொத்து, சகோதரப் பகை எனத் தொடர்களில் வரும் பொருள்களையே எடுத்தார். லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இளைய மகன் திரும்பினான், விருந்து தொடங்கிற்று, மூத்தவன் வாசலில் நின்றான், தந்தை வெளியே வந்து அவனை அழைத்தார். அவன் உள்ளே போனானா? நற்செய்தி சொல்லவில்லை. தெலெநொவேலா திருமணத்தில் முடிந்து நம் கண்ணீரைத் துடைத்துவிடுகிறது. உவமையோ முடியாமல் நின்று, முடிவை நம் கையில் தருகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஏடு, இவற்றைப் பயன்படுத்துவோருக்குப் பயிற்சி தேவை என்றது. அப்பயிற்சி இல்லத்தில் தொடங்கலாம். தொடர் முடிந்தபின் பெட்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசலாம். இதில் யாருக்கு மதிப்புக் கிடைத்தது? யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்? இது நம் வீட்டில் நடந்தால் நாம் என்ன செய்வோம்? இவ்வுரையாடலில் வீட்டில் பணிபுரியும் பெண்ணும் கலந்துகொள்ளட்டும். அவள் தரையில் அமர்ந்தும் நாம் நாற்காலியில் அமர்ந்தும் மரியாவுக்காகக் கண்ணீர் விடுவோமாயின், அக்கதையை நாம் இன்னும் பார்க்கவே இல்லை.