விறகடுக்கும் ஒரு நோர்வே நூலும் உம்மாவின் அடுப்படியும்

2022இல் எரிவாயு சிலிண்டருக்காக நாடே வரிசையில் நின்ற நாட்களில், கொழும்பு வாடகை வீட்டை விட்டுக் கிழக்கிலுள்ள உம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இருபது வருடத்துக்குப் பிறகு ஊர் வாழ்க்கை. உம்மா தந்த முதல் வேலை, ஒரு லேண்ட்மாஸ்டர் லோட் விறகை மாரிக்கு முதல் கொத்தி அடுக்குவது. நானோ கொத்தியதை வெறுந்தரையில் குவித்து, தறப்பாளால் இறுக மூடிவிட்டு, வேலை முடிந்தது என்றிருந்தேன். கார்த்திகை மழையில் தறப்பாளைத் தூக்கிப் பார்த்த உம்மா, “மனே, இது விறகா, காளான் தோட்டமா?” என்று கேட்டார்.

அந்த வெட்கத்தோடுதான் லார்ஸ் மிட்டிங் எழுதிய நூலை வாசித்தேன். மிட்டிங் நோர்வே நாவலாசிரியர். 2011இல் தாய்மொழியில் வெளியான இந்நூல், 2015இல் ரொபர்ட் பெர்குசனின் மொழிபெயர்ப்பில் ‘நோர்வீஜியன் வூட்’ என ஆங்கிலத்துக்கு வந்தது. மரம் தறிப்பது, பிளப்பது, அடுக்குவது, எரிப்பது, இவ்வளவுதான் விடயம். ஆனால் மூலத் தலைப்பான ‘ஹெல் வேட்’ என்பதற்கு அந்த மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று உளுக்காத முழு மரம். மற்றது நம்பத்தகுந்த மனிதன். நூலின் நெஞ்சு அந்த இரண்டாவது பொருளில்தான் இருக்கிறது.

தொடக்கத்திலே வரும் பக்கத்து வீட்டு முதியவரை மறக்க ஏலாது. நுரையீரல் நோயாளி. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவர். குளிர் விட்டு எல்லோரும் வசந்தத்தை நினைக்கும் ஏப்ரல் கடைசியில் அவர் வாசலில் விறகு வந்து இறங்குகிறது. மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு துண்டாக அடுக்குகிறார். நாள் போகப் போக அவரில் தெம்பு ஏறுவதை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த குளிருக்கு விறகு அடுக்குகிறவன், அடுத்த குளிருக்கும் தான் இருப்பேன் என்று நம்புகிறான். இதை மிட்டிங் உபதேசமாகச் சொல்லாமல் முதியவரின் கைகளைக் காட்டியே சொல்லிவிடுகிறார்.

நூலின் பலம் அதன் நுணுக்கங்கள். குளிர்காலக் கடைசியில், மரத்தில் சாறு ஏறுமுன்னர் தறிக்க வேண்டும். காலம் தாழ்த்தாமல் பிளக்க வேண்டும். தரையில் படாமல் அடிக்கட்டை வைத்து, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே மட்டும் மூடலாம், பக்கங்களை மூடக்கூடாது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் அது விறகு. இல்லாவிட்டால் நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும், மிச்சம் புகைதான். என் தறப்பாள் செய்த பிழை எனக்கு இங்கேதான் விளங்கியது. அது மழையைத் தடுத்தது, காற்றையும் தடுத்தது.

நோர்வேயில் இந்த விடயம் எவ்வளவு பெரியதென்றால், இந்நூலை ஒட்டி 2013 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சி 12 மணித்தியாலம் விறகு நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. அதில் பெரும்பகுதி எரிகின்ற அடுப்பு மட்டும்தான். மரப்பட்டை மேலே பார்க்க அடுக்குவதா, கீழே பார்க்க அடுக்குவதா என்று பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகி முறைப்பாடு செய்தார்களாம்.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. இது பெரும்பாலும் ஆண்களின் நூல். விறகடுக்கைப் பார்த்து மாப்பிள்ளையின் குணத்தை அறியலாம் என்று பெண்களுக்குச் சொல்லும் ஒரு பழைய அமெரிக்கக் குறிப்பும் இதில் பகிடியாக வருகிறது. எங்கள் ஊரில் விறகு பெண்களின் பாடு. பொறுக்குவது, சுமப்பது, ஊதுவது, புகை குடிப்பது எல்லாம் அவர்கள்தான். “பச்சக் கொள்ளிய வெச்சி ஊதி ஊதித்தான் எண்ட கண் பழுதாப் போன” என்பார் உம்மா.

மிட்டிங் வருணிக்கும் இன்பத்துக்குக் கீழே மூடிய இரும்பு அடுப்பும் புகைபோக்கியும் இருக்கின்றன. புதிய அடுப்புகள் விடும் புகைக்கு நோர்வே 1998இலேயே சட்டத்தால் எல்லை வைத்துவிட்டது. புகைபோக்கி இல்லாத குசினியில் அதே நெருப்பு வேறு கதை சொல்லும். அவர்களுக்கு விறகு ஒரு தெரிவு, நமக்கு அது கதியில்லாமை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு இந்நூலின் அழகில் மயங்குவது நேர்மையான வாசிப்பாகாது.

தோரோவை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். 1845இல் வால்டன் குளக்கரைக்குக் குடிபோனவர் அவர். காடு தனக்குச் சொந்தமில்லை என்பதால், இரண்டாவது குளிர்காலத்தில் சிக்கனத்துக்காகச் சிறு அடுப்புக்கு மாறியதை மறைக்காமல் எழுதினார். காடு யாருடையது என்ற அந்தக் கேள்வி மிட்டிங்கின் நூலில் அழுத்தம் பெறவில்லை. யுத்த காலத்தில் விறகுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை வாசலில் காத்திருந்த ஊர்களில் வாழ்ந்த நமக்கு அது சின்னக் கேள்வியல்ல. கையேந்துவதைவிட விறகு சுமந்து விற்பது மேல் என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நாம், அந்தச் சுமையைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

ஏனென்றால் மிட்டிங் எழுதியதில் பாதி உம்மாவுக்கு முதலே தெரியும். கோடையில் வாங்கு, கல்லு வெச்சி அடுக்கு, நாளையப் பாட்டை அடுப்புப் பரணில் காயப்போடு. அவர் அதை எழுதவில்லை. நாமும் கேட்டு எழுதவில்லை. நோர்வேக்காரன் தன் அயலவரிடம் கேட்டான், எழுதினான். இந்நூலை நான் மதிப்பதும் அதனால்தான்.

இந்த வருடம் ஆவணியிலேயே அடுக்கி முடித்தேன். நூலிலுள்ள படங்களை உம்மாவுக்குக் காட்டினேன். “இவனுகளுக்கு வேற வேல இல்லயா?” என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். “காத்துக்கு வழி உட்டிரிக்கான். வேலகாரன்தான்” என்று சொல்லிவிட்டு, என் அடுக்கைப் பார்க்க முற்றத்துக்கு எழும்பிப் போனார்.