அதபுப் பிரம்பும் அக்காளும் தம்பியும்

அரபு மொழியில் 'அதப்' என்னும் சொல் நல்லொழுக்கத்தையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். அச்சொல்லையே ஒரு பிரம்பிற்குச் சூட்டி, அதனால் பெண்களை அடக்கிவந்த குடும்பத்தின் வீழ்ச்சியைத் தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி'யில் எழுதினார். 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற நாவல் அது. ஒழுக்கத்தின் பெயரால் நிகழ்ந்த கொடுமையைச் சமுதாயத்தின் உள்ளிருந்தே காட்டிய துணிவை நாம் போற்றுகிறோம்.

எனினும் ஒரு குறை சொல்லவேண்டியுள்ளது. நாவலின் பார்வை பெரியவர்கள் மீதே நிற்கிறது. அத்தகைய வீட்டில் ஒன்றாய் வளரும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறார்கள் என்பதை நம் கதைகள் அரிதாகவே கேட்கின்றன.

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார் காலையிலேயே ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே மலைக்குச் சென்றுவிடுவர். அதன்பின் சிறியவர்களுக்குச் சோறிடுபவள் மூத்த மகள். இரவில் அத்தாவின் கை ஓங்கும்போது அவர்களை மறைவிடத்திற்கு அழைத்துச் செல்பவளும் அவளே. நம்மிடம் ஓத வந்த சிறுமி ஒருத்தி, தெருவில் யாரேனும் உரக்கப் பேசினாலே தம்பியின் காதைப் பொத்துவாள். 'இவளே சின்னத் தாய்' என்று மெச்சினோம். ஒருநாள் பாடம் தவறிய அத்தம்பியை அவள் ஓங்கி அறைந்தாள். வீட்டில் கண்டதை அவள் கை செய்தது. அன்று நம் மெச்சுதலை எண்ணி வெட்கினோம். தாயின் சுமையை அவள் தலையில் ஏற்றிய நாம், அவளும் பிள்ளையே என்பதை மறந்திருந்தோம்.

உறவைப் பேணுதலை 'ஸிலத்துர் ரஹிம்' என்கிறோம். ரஹிம் என்றால் கருப்பை. ஒரே கருப்பையில் பிறந்தோரைப் பிரியாது காப்பது அதன் முதற்கடமையன்றோ? ஆனால் ஆண்பிள்ளை அத்தாவுக்கு, பெண்பிள்ளை அம்மாவுக்கு என்று பங்கிட்டு முடிக்கும் பஞ்சாயத்துகளைக் கண்டிருக்கிறோம். அக்குழந்தைகளுக்கு இருந்த ஒரே நிழல் அப்பங்கீட்டில் போய்விடுகிறது. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. ஜமாஅத்துப் பெரியவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். பிள்ளைகளைப் பிரிக்குமுன் அவர்கள் சொல்லையும் கேட்கவேண்டும். குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் வேண்டும்.

இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அக்காளின் கதையை எழுதுங்கள். அவளைத் தியாகச்சுடராக்கிப் பாராட்டி விட்டுவிடாதீர்கள். காதைப் பொத்திய கையையும் அறைந்த கையையும் சேர்த்தே எழுதுங்கள். 'அதப்' என்னும் சொல்லின் இரு பொருளும் அப்போது ஒன்றாய் நிறைவேறும்.