பவர் கார்டா, எர்த்தா?

இசை தெளிவாகும் என்று சொல்லி, ஒன்றரை மீட்டர் பவர் கார்டைப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். காரைக்காலில் அந்தப் பணத்துக்கு அதைவிட அவசரமான வேலைகள் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். போர்டிலிருந்து 15 மீட்டரில் இருக்கும் பிளக்குக்குப் போக, வர 30 மீட்டர், தடை 0.22 ஓம். கெப்பாசிட்டர் நிரம்பும் கணத்தில் ஆம்ப்ளிஃபயர் 10 ஆம்பியர் இழுத்தாலும் இழப்பு 2 வோல்ட்டைச் சற்றே தாண்டும். அது முழுவதும் சுவருக்குள் ஓடும் வயருடையது. கடைசி ஒன்றரை மீட்டரை மாற்றுவதால் காதுக்கு எட்டும் மாற்றம் வராது.

எல்.இ.டி. விளக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் லைனில் இரைச்சல் கிளப்புவது உண்மைதான். ஆனால் வீடுகளில் அதிகம் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்குப் பெரும்பாலும் காரணம் எர்த் லூப். சப்வூஃபர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொன்றிலும் இருக்க, சிக்னல் வயர் இரண்டையும் இணைத்தால் அது உருவாகும். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் பின்னைப் பிடுங்கினாலும் அடங்கும். ஆனால் பழுது வந்தால் பெட்டியைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து. அதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000 முதல் இயங்குகிறது. மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் வீட்டுக்குள் மின்சாரம் சீராக வந்துவிடாது. உப்புக் காற்றில் டெர்மினல் களிம்பேறும். இரும்பு எர்த் பைப் துருப்பிடிக்கும். நியூட்ரல் இணைப்பு தளரும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் 400-ஐ நெருங்கலாம். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா போன்ற புயல்களில் இந்த ஆபத்து கூடும்.

என் தீர்ப்பு இது. எர்த் தடையை அளந்து சரிசெய்வதும் நியூட்ரல், டெர்மினல்களை ஆண்டுதோறும் இறுக்குவதும் முதல் செலவு. மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சர்ஜ் பாதுகாப்பும் இரண்டாவது. ஆடியோவுக்குத் தனி லைன் மூன்றாவது. இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன்வேவ் மட்டுமே. சதுர அலை டிரான்ஸ்ஃபார்மரை இரைய வைக்கும். மாலையில் வோல்டேஜ் இறங்குவதை மீட்டரில் பார்த்த பிறகே ஸ்டெபிலைசர். விலை உயர்ந்த கார்டுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை.