கூட்டுக் கிணறும் தண்ணீர் லாரியும்

வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியிலும் அம்பத்தூரிலும் மொட்டைமாடிகளில் ஆட்கள் கூடிவிடுவார்கள். வடக்கே ஒரு நெருப்புக்கோடு எழுந்து மறையும். அந்தச் சில நொடிப் பெருமிதம் எனக்கும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்து, லேத் மோட்டார்கள் சேற்றுநீரில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்ததும் இதே மாடிகளிலிருந்துதான். பிற நாடுகளோடு சேர்ந்து செய்யும் விண்வெளித் திட்டங்களில் நம் அரசு போடும் பணத்தைப் பற்றி யோசிக்கும்போது இந்த இரண்டு காட்சிகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

2025-ல் ஐந்து வார இடைவெளியில் அப்படி இரண்டு திட்டங்கள் விண்ணுக்குப் போயின. ஜூன் 25-ல் ஆக்ஸியம்-4 பயணம்: சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஜூலை 30-ல் நிசார்: நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள், நம் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறியது. முதலாவதற்கு நாம் செலவழித்தது சுமார் 550 கோடி ரூபாய். இரண்டாவதில் நம் பங்கு சுமார் 788 கோடி. தொகையில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பணம் போன விதத்தில்தான் பெரிய வித்தியாசம்.

கிராமத்தில் பங்காளிகள் சேர்ந்து கிணறு வெட்டுவார்கள். ஆளுக்கொரு வேலை, தண்ணீர் வந்ததும் முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். நிசார் அப்படிப்பட்ட கிணறு. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை. எல் பேண்ட் ரேடாரையும் 12 மீட்டர் அகலத்துக்குக் குடைபோல விரியும் ஆன்டெனாவையும் நாசா செய்தது. எஸ் பேண்ட் ரேடார், செயற்கைக்கோளின் உடல், ராக்கெட் ஆகியவை நம்முடையவை. ஆக்ஸியம் பயணமோ கோடையில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி. காசு கொடுத்தோம், குடம் நிரம்பியது, லாரி போய்விட்டது.

லாரித் தண்ணீரும் தாகம் தீர்க்கும் என்பதை மறுக்கவில்லை. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் சொந்தத் திட்டமான ககன்யானுக்குமுன் நம்மவர் ஒருவர் அந்த நிலையத்தில் வாழ்ந்து, ஏழு இந்தியச் சோதனைகளைச் செய்து திரும்பியது வீண் இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஏவுதலுக்கு முன் நடந்தது. ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிந்தபோது, அதை முழுதாகச் சரிசெய்த பிறகே ஏவ வேண்டும் என்று இஸ்ரோ தலைவர் வி. நாராயணனின் குழு உறுதியாக நின்றது. இருக்கை வாங்கிய நாடு, பயணியாக மட்டும் இல்லாமல் பொறியாளராகவும் அங்கே நடந்துகொண்டது.

ஆனாலும் அந்தப் பணத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. அதே பயணத்துக்கு ஹங்கேரியும் போலந்தும்கூட அரசுப் பணம் கொடுத்து ஆளுக்கொருவரை அனுப்பின. அந்த நாடுகளுக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது: உறுப்பு நாடு செலுத்தும் பணத்தில் பெரும்பங்கு, அந்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை ஆணைகளாகத் திரும்பி வர வேண்டும். அம்பத்தூரில் நுணுக்கமான உதிரிபாகம் கடையும் பட்டறைக்காரருக்கு இந்த விதியின் அருமை உடனே புரியும். இனி இருக்கை வாங்கும்போது நம் அரசும் அப்படி ஒரு நிபந்தனையைப் பேரத்தில் வைக்க வேண்டும்.

கூட்டுக் கிணற்றிலும் குறை உண்டு. 2014 செப்டம்பரில் ஒப்பந்தம், ஏவியது 2025-ல். கடைசிக் கட்டத்தில், ஆன்டெனா அதிகம் சூடாகக்கூடும் என்று தெரிந்து, மேற்பூச்சுக்காக அதைப் பெங்களூரிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பங்காளியின் கயிறு அறுந்தால் எல்லார் வயலும் காத்திருக்க வேண்டும்.

நிசார் எங்களுக்கு என்ன தரும்? 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, இரவானாலும் மேகம் மூடினாலும் பூமியைப் பார்க்கும். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும். நிலம் சென்டிமீட்டர் கணக்கில் இறங்கினாலும் கண்டுபிடிக்கும். ஆழ்துளைக் கிணறுகளால் துளைக்கப்பட்ட புறநகருக்கு இது பெரிய வரம். ஆனால் இது வெள்ள எச்சரிக்கைக் கருவி இல்லை. 2015 டிசம்பர் 1 இரவு பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அத்தகைய ஓர் இரவுக்கு 12 நாள் கணக்கு உதவாது. மழைமானிகளும் மதகடியில் நிற்கும் ஆளும்தான் உதவ முடியும். நிசாரின் பலம் மெதுவான மாற்றங்களில் இருக்கிறது: சுருங்கும் ஏரி, தூர்ந்துபோகும் வரத்துக்கால்வாய், ஆண்டுதோறும் கொஞ்சமாகத் தாழும் தெரு.

என் ஆதங்கம் இங்கேதான். நிசார் தரவு உலகத்துக்கே இலவசம். அதைப் படித்துச் சொல்ல இங்கே ஆள் வேண்டும். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும் அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகிறது. அந்த நீர்வழியைக் கவனிக்க நீர்வளத்துறை, மாநகராட்சி, தொழிற்பேட்டை என்று பல கைகள். ரேடார் படத்தைத் திறந்து பார்ப்பது இவர்களில் யாருடைய வேலை என்று தெளிவாக எழுதிவைக்க வேண்டும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 788 கோடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பணம் ஒதுக்கினால், மேற்குப் புறநகர் ஏரிகளுக்கென ஒரு சிறு குழு பல ஆண்டுகள் வேலை செய்யலாம். கிணறு வெட்டியாயிற்று, வாய்க்கால் வெட்ட மனம் வர வேண்டும்.

அடுத்த ஐப்பசிக்குள் அந்த மூன்று ஏரிகளின் ஓராண்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, தண்ணீர் எங்கே நின்றது, எங்கே தடைபட்டது என்று தமிழில் குறித்த ஒரு வரைபடத்தைத் தொழிற்பேட்டைச் சங்கத்தின் சுவரில் மாட்டலாம். மோட்டாரை எந்தப் பக்கம் நகர்த்துவது, எந்த மேடையை உயர்த்துவது என்று பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்வார்கள்.