திறந்த நுரையீரலும் பிழைத்த நோயாளியும்

வென்டிலேட்டரில் இருப்பவரை சிடி ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்புவது ஆபத்தான பயணம். குழாய் விலகலாம், ரத்த அழுத்தம் சரியலாம். அத்தனை பாடுபட்டு எடுத்த படமும் அந்த ஒரு நொடிக்கு உரியதுதான். படுக்கையிலேயே மூச்சுக்கு மூச்சு படம் காட்டும் இஐடி (மின்மறிப்பு வரைவு) கருவி மேல் தீவிர சிகிச்சை மருத்துவர்களுக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை.

1980களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆய்வாளர்கள் பார்பரும் பிரவுனும் வளர்த்த முறை இது. மார்பைச் சுற்றி 16 அல்லது 32 மின்வாய்கள் பதித்த பட்டை; நோயாளி உணராத அளவு மெல்லிய மின்னோட்டம். காற்று புகுந்த இடத்தில் மின்தடை ஏறும், வெளியேறினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே படம். கதிர்வீச்சு இல்லை. மூச்சின் முடிவில் நுரையீரலைத் தாங்கிப் பிடிக்கும் பீப் அழுத்தத்தைக் கூட்டினால், முதுகுப்பக்கம் சுருங்கிக் கிடந்த பகுதி திறப்பதும் முன்பக்கம் அளவு மீறி விரிவதும் ஒரே திரையில் தெரியும். வென்டிலேட்டரின் எண்கள் இரு நுரையீரலுக்கும் சேர்த்த கூட்டுக்கணக்கு. இந்த வேறுபாடு அதில் மறைந்துபோகும். இஐடியின் உண்மையான பலம் இதுதான்.

குறைகளும் உண்டு. படம் மங்கல். பட்டையின் மட்டத்தைத் தாண்டிய நுரையீரல் அதில் இல்லை. காற்றுப் போகாத இடத்தைக் காட்டும். அங்கே இருப்பது நீரா, சளி அடைப்பா என்று சொல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் மேல். மூச்சுத்திணறலின் காரணத்தை அது 90.5 சதவீதம் சரியாகக் கண்டதாக மருத்துவர் லிக்டன்ஸ்டைன் 2008இல் எழுதினார். ஆனால் அளவு மீறிய விரிவு அதற்குப் புலப்படாது.

படம் உயிரைக் காத்ததா என்பதுதான் என் கேள்வி. நுரையீரலை வலிந்து திறந்து, அது நெகிழும் அளவைப் பார்த்துப் பீப் வைத்த ஆர்ட் ஆய்வில் (2017, 1010 நோயாளிகள்) 28 நாள் இறப்பு 49.3இலிருந்து 55.3 சதவீதமாகக் கூடியது. அங்கே இஐடி இல்லை. ஆனாலும் நுரையீரல் திறந்தால் நோயாளி பிழைப்பார் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. பிரான்ஸில் நடந்த லைவ் ஆய்வு (2019) இன்னும் கசப்பானது. எக்ஸ்ரே, சிடி பார்த்து நோயாளிகளை வகை பிரித்து, வகைக்கேற்ற சிகிச்சை தந்தார்கள். 21 சதவீதம் பேரின் வகை தவறாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பொருந்தாத சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. படத்தைப் பிழையாக வாசிப்பதும் கொல்லும்.

மறுபுறம், கடுமையான ஏஆர்டிஎஸ் (திடீர் மூச்சுத்திணறல் நோய்க்குறி) நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்த ப்ரொசீவா ஆய்வில் (2013) இறப்பு 32.8இலிருந்து 16 சதவீதமாக இறங்கியது. அதற்கு எந்தப் புதிய படமும் தேவைப்படவில்லை, தேவைப்பட்டவை கைகள்.

எனவே என் தீர்ப்பு: பீப் அளவில் குழப்பம் தரும் நோயாளிக்கு, பழகிய குழுவின் கையில் இஐடி நல்ல துணை, எல்லாப் படுக்கைக்கும் கட்டாயமாக்க இன்னும் சான்று போதாது. அதற்குப் பணம் ஒதுக்கும் மருத்துவமனைகள், ஒரு நோயாளியைப் பத்திரமாகக் குப்புறத் திருப்பப் போதிய செவிலியர்கள் தங்கள் இரவுப் பணியில் இருக்கிறார்களா என்று முதலில் பார்க்கட்டும்.